ஒட்டாத வெல்டிங்

அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருடைய கால்கள் தரையைத் தொடவில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைக் காணவில்லை என்றார்.

சர்வேயரம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அந்தப் பெயர் பழைய வேலையால் வந்தது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, என்ன நடந்தது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லும் வேலை. வண்டிக்காரர் ஒரு கதை சொல்வார், வண்டி வேறு கதை சொல்லும். சர்வேயரம்மா எப்போதும் வண்டியைத்தான் நம்புவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அச்சகத்துக்கு மேலே இந்த ஒற்றை அறையை எடுத்து, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பதால் அறையைப் பூட்டுவதற்கு நேரம் காலம் கிடையாது.

உதவிக்கு இருந்தவன் சில்லறை. முன்பு பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். வாய் ஓயாமல் பயணிகளிடம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தானோ, அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது.

காணாமல் போன தம்பிக்கு வண்டிகளுக்குச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், செய்யும் தொழில். தனி ஷெட், அதற்குப் பின்னால் ஓர் அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா போனபின் அவரை வளர்த்தது இந்த அக்காதான். பிக்கப் வண்டி ஓட்டி, கடை கடையாக ஐஸ் பார் இறக்கி வளர்த்தார். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். தம்பி ஷெட்டைப் பூட்டிக்கொண்டு, மாற்றுத்துணியோடு போய்விட்டார். போன் மேசை டிராயரில் கிடக்கிறது. வயசு வந்த மனிதர் துணிமணியோடு கிளம்பிப் போனால் அது காணாமல் போனதாகாது என்று போலீஸில் சொல்லிவிட்டார்களாம்.

கடைசியாக என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று சர்வேயரம்மா கேட்டார். யாருக்கோ ஒரு பழைய பிக்கப்பைத் தாழ்வாக்கித் தரப் புதுசாகச் சேசிஸ் செய்வதாகச் சொன்னாராம். யாருக்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

"கொஞ்ச நாளாவே அவன் சரியில்லை மேடம்," என்றார் அக்கா. "என் மூஞ்சியப் பார்த்துப் பேசறதில்லை. காதைப் பார்ப்பான், தோளைப் பார்ப்பான். தப்புப் பண்றவன்தான் அப்படிப் பார்ப்பான். எவளோ ஒருத்தி இருக்கா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அம்பது வயசுக்கு மேல தப்புப் பண்ண ஒருத்தருக்குத் தெம்பு இருந்தா, நாம தேடக் கூடாதும்மா, பாராட்டணும்," என்றான் சில்லறை.

சர்வேயரம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அக்கா கைப்பையிலிருந்து ஷெட்டின் மாற்றுச்சாவியை எடுத்து மேசையில் வைத்தார். தான் கூட வர முடியாது என்றும், அந்தப் பெண்ணைப் பற்றி என்ன தெரிந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார்.

ஷெட்டின் ஷட்டர் துருப்பிடித்து முரண்டு பிடித்தது. பக்கத்து லேத் பட்டறைக்காரர் வந்து ஒரு பக்கம் தூக்கிவிட்டார். கேட்காமலே பேசுகிறவர். காணாமல் போனவருக்குச் சமீபமாகத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார். தெருவில் எதிரில் நின்று சிரித்தாலும் கண்டுகொள்ளாமல் போவாராம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல் அன்பாக விசாரிப்பாராம். இந்த வயதில் புதுசாக என்ன கர்வம் என்று லேத்காரருக்குப் புரியவில்லை.

உள்ளே பழைய பிக்கப்பின் முன்கூடு, அதாவது ஓட்டுநர் அறை, கூரைச் சட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தது. அதற்குக் கீழே, இரும்பு முக்காலிகளின் மேல், புதுச் சேசிஸ். சாதாரணப் பிக்கப்பின் சேசிஸ் ஏணி மாதிரி நேராக இருக்கும். இது அப்படி இல்லை. முன் அச்சைத் தாண்டியதும் சட்டென்று தரையை நோக்கி இறங்கி, உட்காரும் இடம் முழுக்கத் தாழ்வாக ஓடி, பின் அச்சுக்கு முன்னால் மறுபடி மேலே ஏறி, அச்சு மேலும் கீழும் ஆட இடம்விட்டு வளைந்து போனது. வண்டி முழுதாக நின்றால், தெருவில் நிற்கும் ஒருவர் காலைத் தூக்காமலே அதில் உட்கார்ந்துவிடலாம்.

"விடலைப் பசங்க இப்படித்தான் மேடம் பண்ணுவாங்க," என்றான் சில்லறை. "ரோட்டை உரசிக்கிட்டுப் போனா அழகாம். வேகத்தடை வந்தா வண்டியத் தூக்கிக்கிட்டு நடப்பானுங்க."

சர்வேயரம்மா அட்டைப் பெட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் படுத்து, சேசிஸுக்கு அடியில் நகர்ந்தார். இடப்பக்கச் சட்டத்தில் வெல்டிங் மீன் செதில் அடுக்கினதுபோல் ஒழுங்காக இருந்தது. வலப்பக்கத்தில் அதே கைதான் போட்டிருந்தது. ஆனால் போகப் போகக் கோடு தடுமாறியது. வெட்ட வேண்டிய இடங்களைக் குறிக்க இடப்பக்கம் சாக்பீஸ் கோடு. வலப்பக்கம் சாக்பீஸே இல்லை. பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடித்த ஆழமான புள்ளிகள், விரல் வைத்தால் தட்டுப்படும்படி வரிசையாக இருந்தன.

பின் வளைவுக்குப் பக்கத்தில், சட்டத்தைச் சுற்றி ஒரு துணியை யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தார். உள்ளே ஒரு வெல்டிங். நீளமாக, தடிப்பாக, குறையில்லாமல் போட்ட வெல்டிங். ஆனால் இரண்டு தகடுகள் சேரும் இணைப்பு அதற்கு ஒரு விரல் தள்ளி, இணைகோடாக, ஒட்டாமல், திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்த சில்லறை, இவர் வண்டி செய்தாரா, தண்டவாளம் போட்டாரா என்று கேட்டான். சர்வேயரம்மா சிரிக்கவில்லை. அந்தத் துணியை எடுத்த இடத்திலேயே மறுபடியும் கட்டினார்.

பிறகு முன்கூட்டைச் சங்கிலியில் கொஞ்சம் இறக்கச் சொன்னார். லேத்காரர் இறக்கினார். ஓட்டுநர் இருக்கையில் சில்லறை ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையைப் புது போல்ட் போட்டு வெகுவாக முன்னால் தள்ளியிருந்தார்கள். பிரேக், கிளட்ச் மிதிகளின் மேல் இரும்புக் கட்டைகள் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அவனுடைய முகம் மலர்ந்தது.

"குள்ளமான பொம்பள மேடம். அக்கா சொன்னது சரிதான். அவளுக்காக அளவெடுத்துச் செஞ்சிருக்காரு."

"பக்கத்து சீட்டைப் பாரு," என்றார் சர்வேயரம்மா.

பக்கத்து இருக்கை நேர்மாறாக இருந்தது. கடைசிவரை பின்னால் தள்ளி, கால் நீட்ட நிறைய இடம். கதவுக்கு மேலே கைப்பிடி ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. சில்லறை நகர்ந்து உட்கார்ந்து காலை நீட்டினான். அவனுக்கே இடம் மிஞ்சியது. லேத்காரரிடம் சேசிஸ்காரர் எவ்வளவு உயரம் என்று சர்வேயரம்மா கேட்டார். தெருவிலேயே அவர்தான் உயரம், இந்த ஷட்டருக்குக் கீழே குனிந்துதான் வருவார் என்றார் லேத்காரர்.

"அப்ப வண்டியச் செஞ்சவரு ஓட்டப் போறதில்லை. பக்கத்துல உக்காந்து போகப் போறாரு," என்று முனகினான் சில்லறை. "என்ன மேடம் இது, ராஜா மாதிரி."

சர்வேயரம்மா தரையில் கிடந்த பிக்கப்பின் பழைய பக்கத்தகடு ஒன்றைக் காலால் திருப்பினார். நீலப் பெயிண்ட் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருந்தது. உள்பக்கம், சுமை ஏற்றும் இடத்தில், தகரம் நெடுகத் தண்ணீர் தேங்கி அரித்த தழும்பு. உப்பும் தண்ணீரும் வருஷக்கணக்காக வடிந்தால் மட்டும் அப்படி அரிக்கும். அவர் அதைச் சில்லறையிடம் சொல்லவில்லை. லேத்காரரிடம், சேசிஸ்காரர் ஸ்பிரிங் எங்கே வாங்குவார் என்று மட்டும் கேட்டார்.

ஸ்பிரிங் பட்டறை பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்தது. பட்டறைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, அந்தத் தாழ்ந்த வண்டிக்கான ஸ்பிரிங் பட்டைகள் தயாராக ஓரத்தில் இருப்பதைக் காட்டினார். சேசிஸ்காரர் கடைசியாக வந்தபோது எடுத்துப் போகவில்லையாம். ஒவ்வொரு பட்டையையும் கையால் தடவிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, இப்போது வேண்டாம், என்றைக்காவது வேறு யாராவது வந்து கேட்டால் கொடுங்கள் என்றாராம். தோளில் ஒரு பை இருந்ததாம். வேறு எதுவும் விசேஷமாக இல்லையே என்று யோசித்தவர், போகும்போது செய்த ஒரு காரியம்தான் வேடிக்கையாக இருந்தது என்றார். நிலைய வாசலில் நின்ற பேருந்துக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டு, இது எந்த நம்பர் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டாராம். போர்டு அவர் தலைக்கு மேலேயே இருந்ததாம்.

சில்லறையின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"மேடம், இத்தனை வருஷம் படிக்கட்டுல தொங்கினவன் சொல்றேன். போர்டுக்கு முன்னாடி நின்னு நம்பர் கேக்கறவங்க ரெண்டே வகை. ஒண்ணு, எழுத்துத் தெரியாதவங்க. அவங்க பஸ் வர்றதுக்கு முன்னாடியே பக்கத்துல ஆள் பிடிச்சு வெச்சிருப்பாங்க. வெக்கத்துல மெதுவாக் கேப்பாங்க. இன்னொண்ணு..."

"கண்ணு தெரியாதவங்க," என்றார் சர்வேயரம்மா. "அக்கா முகத்தைப் பார்க்காம காதைப் பார்த்திருக்காரு. நடுப்பார்வை போய், ஓரப்பார்வை மட்டும் மிஞ்சினவங்க அப்படித்தான் பார்ப்பாங்க. முகத்தைப் பார்க்கணும்னா முகத்துக்குப் பக்கத்துல பார்க்கணும்."

பட்டறைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அன்று நின்ற பேருந்து எங்கே போவது என்று சில்லறை கேட்டுத் தெரிந்துகொண்டான். ஊரைத் தாண்டிக் கடைசி நிறுத்தம்வரை போகும் வண்டி.

அதே வண்டியில் ஏறினார்கள். சில்லறை கண்டக்டரிடம் தொழில் முறையில் நலம் விசாரித்து, தோளில் பையோடு வந்த உயரமானவரைப் பற்றிக் கேட்டான். கண்டக்டருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதுதான் கடைசியா என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். கடைசி நிறுத்தத்தில் பார்வையற்றவர்களுக்கான பயிற்சி இல்லம் ஒன்று இருக்கிறது, அதன் வாசல்வரை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

வண்டி ஊரை விட்டு வெளியே வர வர, ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் இவர்கள் இருவர் மட்டும். சில்லறை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியானால் அந்தக் குள்ளமான பெண்மணி யார் என்று கேட்டான். சர்வேயரம்மா, அவள் காலையில் நம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள் என்றார். அவனுக்கு அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது, அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

இல்லத்தின் முற்றத்தில் நாற்காலிப் பிரம்பு பின்னுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து, பின்னுவதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய, எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். உயரமான ஒருவர் மட்டும் வட்டத்துக்கு வெளியே, சுவரோரப் பெஞ்சில் தனியாக இருந்தார். கையில் பாதி பின்னிய பிரம்பு. காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார். அவருடைய பார்வை சர்வேயரம்மாவின் தோளுக்கு மேலே எங்கோ நின்றது.

சேசிஸ்காரர் நீங்கள்தானே என்று கேட்டதும் அவர் மறுக்கவில்லை. அக்காதானே அனுப்பினாள் என்றார். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

இங்கே எப்படி இருக்கிறது என்று சர்வேயரம்மா கேட்டார். நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள், ஆனால் யாரோடும் ஒட்டவில்லை என்றார். வட்டத்தில் இருப்பவர்கள் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள். ஓரமாகக் கொஞ்சம் தெரிகிற இவரைக் கண்ணுள்ளவர் என்று கேலி செய்கிறார்கள். வெளியிலோ கண்ணுள்ளவர்கள் இவரைத் திமிர் பிடித்தவர் என்கிறார்கள். எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று தெரியவில்லை என்றார். அதைப் புகாராகச் சொல்லவில்லை.

"டாக்டர் சொன்னாரு, நடுவுல மட்டும்தான் போகும், ஓரம் நிக்கும்னு. ஓரத்த வெச்சு நடக்கலாம், சாப்பிடலாம். ஆனா வெல்டிங் பண்றப்ப நெருப்பு நடுவுலதான இருக்கு."

"வண்டி உங்க அக்காவுக்குத்தானே?" என்று கேட்டார் சர்வேயரம்மா. "அவங்க ஐஸ் ஏத்தின அதே வண்டி."

அவர் கையிலிருந்த பிரம்பு நின்றது. பிறகு சொன்னார். அந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொல்லித்தான் அக்கா கொடுத்தாள். மனசு வரவில்லை. சின்ன வயதில் ஐஸ் பாருக்குப் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கியது அதில்தான். அக்கா அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவாள், பாட்டு வரும், சண்டை வரும், சிரிப்பு வரும். முழங்கால் போனபின் வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

"அவ காலைத் தூக்க வேணாம், வண்டி கீழ எறங்கி வரட்டும்னு நெனச்சேன். பாதி வேலையில கண்ணு போக ஆரம்பிச்சிருச்சு. சரி, அவ ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்னு சீட்டைத் தள்ளிப் போட்டேன். கையால தடவியே முடிச்சிரலாம்னு ஒரு தைரியம். ஒருநாள் ஜாக்கி வெச்சுத் தூக்கினேன். கிளிக்குனு ஒரு சத்தம். கையை வெச்சுப் பார்த்தா..."

"பார்த்தேன்," என்றார் சர்வேயரம்மா.

"நல்ல வெல்டிங்தான் மேடம் அது. ஒட்ட வேண்டிய இடத்துல இல்லை, அவ்வளவுதான். அதுல அக்காவை உக்கார வெச்சு ரோட்டுல அனுப்பியிருப்பேன்."



அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சொன்னால் அவள் மறுபடியும் தன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள், நிற்கவே முடியாதவள் அவள் என்றார். நீங்கள் யாரோ ஒரு பெண்ணோடு போய்விட்டதாக அக்கா நினைக்கிறார் என்று சர்வேயரம்மா சொன்னபோது, அவர் முதன்முறையாகச் சிரித்தார். அதையாவது நம்பட்டும், சந்தோஷமாக இருப்பாள் என்றார்.

"சந்தோஷமா இல்லை," என்றார் சர்வேயரம்மா. "முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறி வந்தாங்க. தனியா இருக்கறது உங்களுக்கு வைத்தியம்னா நீங்க இருங்க. அவங்களுக்கும் சேர்த்து அந்த மருந்தை நீங்க எழுதிக் குடுக்க முடியாது."

வட்டத்தில் இருந்தவர்கள் இன்னொரு முறை சிரித்தார்கள். கடைசியில் அவர் போனுக்காகக் கையை நீட்டினார். சர்வேயரம்மா தன் பழைய போனில் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அக்கா," என்றார். "நான்தான்."

எதிர்முனையில் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். டாக்டர் சொன்னது, லேத்காரரைக் கண்டுகொள்ளாமல் போனது, வண்டி, சீட்டு, வெல்டிங், எதையும் விடவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே என்றார். சர்வேயரம்மா போனின் சின்னத் திரையைப் பார்த்தார். அது அணைந்து வெகுநேரமாகியிருந்தது. சில்லறையும் பார்த்துவிட்டான். அவன் கையை நீட்டப் போனபோது, சர்வேயரம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அவர், "அக்கா?" என்றார். இன்னொரு முறையும் கூப்பிட்டார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, ஓரக்கண்ணால் அதைப் பார்க்க முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைன் கட்டாயிருச்சா?"

"ஆமா."

"எப்ப?"

சர்வேயரம்மா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடித்தவர். "இப்பதான்," என்றார்.

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. போனைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். கை மாறும் முன்பே அது அவர் உள்ளங்கையில் அதிர்ந்தது. பொத்தானைத் தேடிய கட்டைவிரலைப் பிடித்து சர்வேயரம்மா சரியான இடத்தில் வைத்தார். எதிர்முனைக் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு உரக்க இருந்தது.

"நீ அக்கான்னதும் போன் நழுவிக் கீழ விழுந்து பேட்டரி கழண்டுபோச்சுடா. கட்டிலுக்கு அடியில போயிருச்சு. குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள உயிர் போயிருச்சு எனக்கு. நீ சொன்னது ஒண்ணுமே கேக்கலை. முதல்ல இருந்து சொல்லு."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். எதிர்முனை காத்திருந்தது.

சர்வேயரம்மா எழுந்து, சில்லறையின் சட்டையைப் பிடித்து வெளிவாசலுக்கு இழுத்து வந்தார். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அடுத்த வண்டி எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். அது வெகுநேரம் ஆகும்.

"போன் நம்மளுது மேடம்," என்றான் சில்லறை.

"தெரியும்."

உள்ளேயிருந்து தணிந்த குரலில் ஏதோ பேச ஆரம்பித்தது கேட்டது. பேருந்து ஓட்டுநர் இவர்களைப் பார்த்து ஹாரன் அடித்தார். சர்வேயரம்மா அசையவில்லை. சில்லறை எழுந்து நின்று, நீங்கள் போகலாம் என்று ஓட்டுநருக்குக் கையைக் காட்டினான்.